பாவாடை தெரிகிறது: இணையத்தில் பெண்வேடத்தின் கதை

தமிழில் 'ட்ரோல்' என்ற சொல் கலாய்ப்பு என்ற பொருளில் நிலைபெற்றுவிட்டது. ஓர் அமைச்சரின் பேச்சை வெட்டி அதன் பக்கத்தில் வடிவேலுவின் முகத்தை ஒட்டினால் அது ட்ரோல். ஒரு நடிகையின் புகைப்படத்துக்குக் கீழே நூறு ஆண்கள் வரிசையில் வந்து அவர் உடலைப் பற்றி எழுதினால் அதுவும் ட்ரோல். இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. இரண்டாவதைச் செய்தவர், முதலாவதைத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். "சும்மா கலாய்ச்சோம், இதுக்குப் போயி இவ்வளவு சீனா?" என்ற கேள்வியைக் கேட்காத பெண் இன்று இணையத்தில் இருக்க முடியாது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் இணையத்துக்கு வந்து சேர்ந்த வழி வேறு. ஓடும் படகுக்குப் பின்னால் இரை கோத்த தூண்டிலை நீரில் இழுத்துக்கொண்டே போகும் மீன்பிடி முறைக்கு அங்கே ட்ரோலிங் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில், யூஸ்நெட் என்ற கணினி உரையாடல் குழுக்களில் புதிதாக வருகிறவர்களைச் சிக்கவைக்க, வேண்டுமென்றே அபத்தமான ஒன்றை எழுதிவிட்டுக் காத்திருப்பதை இந்தச் சொல்லால் குறித்தார்கள். பாலத்தடியில் பதுங்கியிருக்கும் வடநாட்டுக் கதைகளின் பூதம் பின்னால் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. ஆக, சொல்லின் வேரில் வசை இல்லை, இரைதான் இருக்கிறது. இரை வைக்கிறவருக்கு மீனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பசி எப்போது, எதைக் கண்டால் அது வாய் திறக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெண்கள் மீதான இணைய வன்முறையைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் வசையைத்தான் எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். 2019 நாடாளுமன்றத் தேர்தல் காலத்தில், 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்ட 1,14,716 ட்வீட்டுகளை அம்னஸ்டி இன்டர்நேஷனல் இந்தியா அமைப்பு ஆராய்ந்தது. ஏழில் ஒன்று இழிவானதாகவோ அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகவோ இருந்தது. இசுலாமியப் பெண்களுக்கு மத, இன வசைகள் மற்ற மதப் பெண்களைவிட 94.1 சதவீதம் கூடுதலாக வந்தன. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குச் சாதி வசை 59 சதவீதம் கூடுதலாக வந்தது. வசைக்கும் சாதியும் மதமும் தெரியும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வசையை எண்ணலாம், படம் பிடிக்கலாம், புகார் கொடுக்கலாம். எண்ண முடியாத இன்னொன்றும் கூடவே வளர்ந்து வந்திருக்கிறது. அது நம்மைத் திட்டுவதில்லை. நம்மைப் போலவே பேசுகிறது. நம் துயரத்தையும் கோபத்தையும் கொள்கையையும் உடுத்திக்கொண்டு நம் நடுவில் வந்து உட்காருகிறது. சுமார் 40 ஆண்டுக் கதை இது. பெண்குரல் எத்தனை முறை கடன் வாங்கப்பட்டது என்பதோடு, அதை முதலில் அடையாளம் கண்டவர்கள் யார், அவர்கள் சொன்னது எப்போது காதில் விழுந்தது என்பதும் இந்தக் கதைக்குள் இருக்கிறது.

ஆண் பெண்ணாகப் பேசுவது தமிழுக்குப் புதிதில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியாகப் பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண் புலவர்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். கூத்திலும் நாடகத்திலும் ஸ்திரீபார்ட் என்பது தனிக்கலை. எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். பெண்ணின் அனுபவத்தை ஆண் பேசும்போது எது விடுபடுகிறது என்று இவற்றை நாம் கேள்வி கேட்டிருக்கிறோம், இன்னும் கேட்போம். ஆனால் இவை எவையும் ஏமாற்று அல்ல. அகப்பாடலுக்குக் கீழே யார் யாருக்குச் சொன்னது என்ற கூற்றும் இருக்கும், எழுதிய புலவரின் பெயரும் தனியே இருக்கும். ஸ்திரீபார்ட்டைப் பார்க்க வந்தவருக்கு அது வேடம் என்று தெரியும். வேடம் கலையாவது இரு தரப்புக்கும் அது வேடம் என்று தெரிந்திருப்பதால்தான். ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்த வேடத்துக்கு வேறு பெயர்.

இரக்கத்தின் மேல் வீசிய தூண்டில்

1980களின் தொடக்கம். அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்ற நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிகளை இணைத்து, முகம் தெரியாதவர்கள் தட்டச்சில் பேசிக்கொள்ளும் ஓர் அரட்டைச் சேவையை நடத்திவந்தது. படம் கிடையாது, குரல் கிடையாது. திரையில் ஓடும் எழுத்து மட்டும்தான். அங்கே ஜோன் என்ற பெயரில் ஒருவர் இருந்தார். நியூயார்க்கில் உளவியல் துறையில் இருப்பவர். ஒரு சாலை விபத்தில் காதலனை இழந்து, பேசும் திறனையும் இழந்து, சக்கர நாற்காலியில் வாழ்பவர். அப்படித்தான் அவர் தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். நேரில் யாரையும் சந்திக்க மாட்டார். எழுத்திலோ ஒரே உற்சாகம், நகைச்சுவை, அக்கறை. பல பெண்கள், குறிப்பாக உடற்குறைபாடுள்ள பெண்கள், அவரைத் தோழியாகக் கொண்டார்கள். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள்.

ஜோன் என்று ஒருவர் இல்லை. எழுதிக்கொண்டிருந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு மனநல மருத்துவர், நடுவயது ஆண். பெண்கள் தங்களுக்குள் பேசும்போது ஆண்களிடம் காட்டாத நெருக்கம் வெளிப்படுவதைக் கண்டு, அதற்குள் நுழைய அவர் ஜோனை உருவாக்கினார். நுழைந்ததோடு நிற்கவும் இல்லை. ஜோன் தன் தோழிகளிடம் அந்த மருத்துவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லி அறிமுகப்படுத்தினாள். அந்த நம்பிக்கையில் அவரைச் சந்தித்து உறவு கொண்டவரும் உண்டு. தோழி சொல்லித் தலைவனை ஏற்கும் அகமரபு தெரிந்த நமக்கு இது இரட்டிப்பாக உறுத்தும். இங்கே தோழியும் தலைவனும் ஒரே ஆள்.

லிண்ட்சி வான் கெல்டர் என்ற பத்திரிகையாளர் இந்தக் கதையை 1985 அக்டோபரில், அமெரிக்கப் பெண்ணிய இதழான 'மிஸ்' இல் எழுதினார். விசயம் தெரிந்தபோது அந்தப் பெண்கள் ஒரே மாதிரி உணரவில்லை. சிலருக்கு அது வன்புணர்வுக்கு நிகரான அத்துமீறல். சிலர் ஜோன் செய்த உதவியை மறுக்க முடியாமல் தவித்தார்கள். இருந்தே இராத ஒருத்திக்காகத் துக்கம் காப்பது எப்படி என்று தெரியாத துக்கம் அது.

பின்னாளில் இதே நிகழ்வை ஆராய்ந்த அலூக்கேர் ரோசான் ஸ்டோன், சற்று மாற்றிய பெயர்களில் அதைச் சொல்லும்போது ஒன்றைக் குறிப்பிடுகிறார். ஜோனை முதலில் சந்தேகித்தவர்கள் அங்கிருந்த உடற்குறைபாடுள்ள பெண்கள். சக்கர நாற்காலியில் ஒரு நாளைக் கடத்துவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். ஜோனின் வாழ்க்கை அந்தச் சிரமங்களோடு ஒட்டவில்லை. அது சக்கர நாற்காலியைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் கட்டிக்கொண்ட கற்பனை. கற்றறிந்த பலரையும் ஏமாற்றிய வேடம், அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்களிடம் மட்டும் இடறியது. இந்த வடிவம் மறுபடியும் வரும்.

குரலைக் களவாடும் பொம்மை

1990இல் பாவெல் கர்ட்டிஸ் என்ற ஆய்வாளர், செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லாம்டாமூ என்ற கற்பனை மாளிகையைத் தொடங்கினார். அதுவும் வெறும் எழுத்தால் ஆனது. உள்ளே வருகிறவர்கள் தங்களுக்கு ஒரு பெயரையும் உருவத்தையும் சொற்களால் படைத்துக்கொண்டு, அறை அறையாக நடந்து பேசுவார்கள். 1993 மார்ச்சில் ஓர் இரவு, மிஸ்டர் பங்கிள் என்ற பெயர்கொண்ட ஒருவர் அந்த மாளிகையின் வரவேற்பறையில், பில்லிசூனியப் பொம்மை என்று அழைக்கப்பட்ட ஒரு நிரலை இயக்கினார். மற்றவர்களுடைய பாத்திரங்கள் செய்வதாக அவர் எழுதுவதையெல்லாம் அறையிலிருந்த அனைவருக்கும் அந்த நிரல் காட்டியது. பெண் பாத்திரங்கள் தாங்களே விரும்பிச் செய்வதுபோல் பாலியல் வன்கொடுமைக் காட்சிகள் திரையில் ஓடின. அந்தப் பாத்திரங்களுக்கு உரியவர்களால் அதை நிறுத்த முடியவில்லை.

ஜூலியன் டிபெல் இதைப் பற்றி அந்த ஆண்டு டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இணைய ஆய்வுகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. பாதிக்கப்பட்ட ஒரு பெண், அடுத்த நாள் தன் கண்டனத்தைத் தட்டச்சு செய்தபோது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது என்று அவரிடம் சொன்னார். வெறும் எழுத்துதானே, அணைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்றவர்கள் அன்றே இருந்தார்கள். பங்கிள் கூட்டத்துக்கு வந்து, தான் செய்தது ஓர் உளவியல் பரிசோதனை, தன் நிஜ வாழ்க்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற பொருளில் பேசினார். சோதனைக்கு உட்பட்டவர்களின் நிஜ வாழ்க்கை அவர் கணக்கில் வரவில்லை.

நீண்ட விவாதம் நடந்தும் கூட்டம் முடிவுக்கு வரவில்லை. பிறகு நிர்வாகிகளில் ஒருவர் தானாகவே பங்கிளை நீக்கினார். அதன் பின்னர்தான் அங்கே மனு கொடுக்கவும் வாக்கெடுக்கவும் ஒரு முறை ஏற்பட்டது. ஒரு பெண்ணின் வாயில் அவள் சொல்லாததை வைப்பது ஒரு குற்றமா என்ற கேள்வியை இணையம் அப்படித்தான் முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டது. இன்று பெண்களின் முகத்தையும் குரலையும் கொண்டு போலிக் காணொளி செய்யும் தொழில்நுட்பம் வந்திருக்கிறது. அந்தப் பொம்மைக்கு இப்போது உடம்பும் முளைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

நியாய உணர்வை இரையாக்குதல்

இதுவரை சொன்ன இரண்டிலும் அத்துமீறல் கண்ணுக்குத் தெரிந்தது, அல்லது பின்னாலாவது தெரிந்தது. மூன்றாவது வகையில் அத்துமீறுகிறவர் கடைசிவரை மரியாதையாகவே இருப்பார். மொழியியலாளர் சூசன் ஹெர்ரிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை விளக்குகிறது. பெண்ணியவாதிகள் கூடிப் பேசிய ஓர் இணைய அரங்குக்குள் ஓர் ஆண் வருகிறார். எனக்குப் புரியவில்லை, விளக்குங்கள் என்கிறார். விளக்கினால் இன்னொரு கேள்வி. பதில் சொன்ன பெண்ணின் சொற்களைச் சற்றே திரித்து மறு கேள்வி. ஒருத்தி பொறுமை இழந்து கடுமையாகப் பேசினால், பார்த்தீர்களா, பேச வந்தவனைத் துரத்துகிறார்கள் என்ற புகார்.

அந்த அரங்கின் பெண்கள் ஏமாளிகள் அல்லர். ஆனால் அவர்களுடைய கொள்கையே அவர்களுக்குத் தடையானது. எல்லோருக்கும் இடம் உண்டு, யார் குரலையும் அடக்கக் கூடாது என்பது அவர்கள் காலங்காலமாக மற்றவர்களிடம் கேட்டது. ஒருவரை வெளியேற்றினால் தாங்களே அதை மீறியதாகிவிடுமோ என்று தயங்கினார்கள். வெளியேற்றலாம் என்ற பெண்களுக்கும் கூடாது என்ற பெண்களுக்கும் இடையில் வாக்குவாதம் மூண்டது. அரங்கு எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்தப் பேச்சு பின்னுக்குப் போனது. வந்தவர் எதையும் நிரூபிக்கவில்லை. அவர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டதே அவருக்குப் போதும்.

இந்த உத்திக்குப் பெயர் கிடைக்க 2014 ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான 'வொண்டர்மார்க்' என்ற இணையச் சித்திரத்தில் ஒரு கடற்சிங்கம், தன் இனத்தைப் பற்றி ஒரு பெண் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஆதாரம் கேட்டு, அவள் வீட்டுக்குள்ளேயே வந்து படுக்கையறை வரை பின்தொடர்கிறது. எப்போதும் பணிவாகவே பேசுகிறது. அதிலிருந்து, பணிவான குரலில் ஓயாமல் விளக்கம் கேட்டு ஒருவரைக் களைக்கச் செய்வதற்குக் கடற்சிங்கத்தனம் என்றே ஆங்கிலத்தில் பெயர் வந்துவிட்டது. நம் ஊரில் தனிப்பெயர் இல்லையே தவிர ஆட்கள் நிறைய. "தோழர், ஒரு சந்தேகம்" என்று தொடங்கி மூன்று நாள் ஒரு பெண்ணின் நேரத்தைத் தின்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தெரியாதவருக்குச் சொல்லித்தர வேண்டியது தன் கடமை என்று பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பொறுமைதான் இங்கே இரை.

கோபத்தைக் கடன் வாங்கியவர்கள்

2014 ஜூன். அமெரிக்காவில் தந்தையர் தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. தந்தையர் தினத்தை ஒழிப்போம் என்ற பொருள்படும் ஒரு ஹேஷ்டேக் ட்விட்டரில் திடீரென்று பரவியது. எழுதியவர்கள் கறுப்பினப் பெண்ணியவாதிகள் என்று அவர்களுடைய பெயர்களும் படங்களும் சொல்லின. பெண்ணியம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள் என்று பழமைவாதிகள் கொதித்தார்கள். ஃபாக்ஸ் நியூஸ் வரை அது நிஜமான கோரிக்கையாகவே பேசப்பட்டது.

ஷஃபீகா ஹட்சன் என்ற கறுப்பினப் பெண் அதை நம்பவில்லை. அந்தக் கணக்குகளின் மொழி அவருக்கு இடறியது. கறுப்பின மக்களின் ஆங்கிலத்தைப் போலச் செய்ய முயன்ற, வெளியாள் ஒருவரின் கோணலான நகல் அது. கறுப்பினப் பெண்ணியவாதிகள் ட்விட்டரில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இவர்களை யாருக்கும் தெரியவில்லை. ஹட்சன் ஒரு ஹேஷ்டேக்கைத் தொடங்கினார்: 'யுவர் ஸ்லிப் இஸ் ஷோயிங்'. உன் பாவாடை வெளியே தெரிகிறது என்று அர்த்தம்.

இதைத் தமிழ்ப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புடவைக் கரைக்குக் கீழே உள்பாவாடை எட்டிப் பார்த்தால், பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத பெண்கூட நெருங்கி வந்து காதோடு சொல்வாள். அது பெண்களுக்கிடையிலான எச்சரிக்கை. ஆண்கள் காதில் விழாத ஒரு பரிமாற்றம். ஹட்சன் அந்தக் கிசுகிசுப்பை எடுத்து வேடக்காரர்களை நோக்கி உரக்கச் சொன்னார். ஒவ்வொரு போலிக் கணக்கையும் பெண்கள் அந்த ஹேஷ்டேக்கின் கீழ்த் தொகுத்தார்கள். இனாசா க்ராக்கெட் என்ற இன்னொரு கறுப்பினப் பெண் அதன் வேரைத் தேடிப்போய், பெயரில்லாமல் எழுதும் ஃபோர்சான் தளத்தில் அந்தத் திட்டம் தீட்டப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். வெள்ளையல்லாத பெண்களாக நடித்துப் பெண்ணியத்துக்குள் இருக்கும் பிளவைப் பெரிதாக்குவது என்று அங்கே வெளிப்படையாகவே பேசியிருந்தார்கள்.

இது ஊதியமில்லாத வேலை. பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில் இந்தப் பெண்கள் பட்டியல் தயாரித்தார்கள். ட்விட்டர் நிறுவனம் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். பெண்களின் சச்சரவு என்றும் டீன்ஏஜ் பையன்களின் குறும்பு என்றும் வெளியுலகம் கடந்துபோனது. இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், வீடியோ விளையாட்டுத் துறைப் பெண்கள் மீது கேமர்கேட் என்ற பெரும் தாக்குதல் தொடங்கியது. அப்போதும் போலிக் கணக்குகள் வந்தன. ஹட்சனும் க்ராக்கெட்டும் கண்டுபிடித்த பாடத்தை அதற்குள் யாரும் படித்திருக்கவில்லை. ஹட்சன் 2024 பிப்ரவரியில், 46 வயதில் இறந்தார். அவரைப் பற்றிய அஞ்சலிக் குறிப்புகளில்தான் பலரும் முதன்முதலாக அவர் பெயரைப் படித்தார்கள்.

வேடம் கூலி வேலையாகிறது

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி என்ற நிறுவனம் இருந்தது. அங்கே நூற்றுக்கணக்கானோர் சம்பளத்துக்குப் பொய் ஆட்களாக எழுதினார்கள். லுத்மிலா சாவ்சுக் என்ற பெண், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளிப்படுத்துவதற்காகவே 2015 தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 12 மணி நேரம் ஒரு ஷிப்டு. இரண்டு ஷிப்டுக்குள் 5 அரசியல் பதிவு, 10 அரசியல் அல்லாத பதிவு, 150 முதல் 200 பின்னூட்டம் என்று கணக்கு. அவருடைய குழு எழுதிய கற்பனை ஆட்களில் ஒருத்தி குறி சொல்கிறவள். கணவன் மனைவி உறவு, உடல் எடை, வீட்டு வாஸ்து என்று பெண்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே வந்து, நடுநடுவே அரசு விரும்பிய அரசியலையும் சொல்வாள்.

வற்புறுத்தல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. வாதம் பிறகுதான். முதலில் பழக்கம். பத்து நாள் நம் வீட்டுக் கவலையைக் கேட்டவள் பதினோராவது நாள் சொல்வதை நாம் எடைபோடுவதில்லை. சாவ்சுக் பின்னர் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, அடையாளமாக ஒரு ரூபிள் இழப்பீடு பெற்றார்.

அதே நிறுவனத்தின் கைவரிசையை 2017 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த மகளிர் பேரணியிலும் பின்னாளில் கண்டார்கள். 152 போலிக் கணக்குகள் அந்தப் பேரணியைப் பற்றி எழுதியதாக 2022இல் நியூயார்க் டைம்ஸ் ஆராய்ந்து வெளியிட்டது. வெள்ளைப் பெண்ணியத்தால் ஒதுக்கப்பட்ட கறுப்பினப் பெண்ணாக ஒரு கணக்கு. பெண்ணியம் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று வருந்தும் பழமைவாதப் பெண்ணாக இன்னொன்று. பேரணித் தலைவர்களில் ஒருவரான பாலஸ்தீன அமெரிக்கப் பெண் லிண்டா சர்சூரைப் பற்றி மட்டும் 2,642 ட்வீட்டுகள். 2016 தேர்தலையொட்டி இந்த நிறுவனம் மிக அதிகமாகக் குறிவைத்தது கறுப்பின மக்களைத்தான் என்று அமெரிக்க செனட் குழுவின் 2019 அறிக்கையும் சொன்னது. ஹட்சனின் தோழிகள் 2014இல் பட்டியலிட்ட அதே உத்தி, இப்போது ஓர் அலுவலகமும் சம்பளப் பட்டியலும் கொண்டு நடந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மகளிர் பேரணிக்குள் இருந்த விரிசல்களை ரஷ்யர்கள் உண்டாக்கவில்லை. கறுப்பினப் பெண்கள் வெள்ளைப் பெண்ணியத்தின் மீது வைக்கும் விமர்சனம் நிஜமானது, நியாயமானது, நூறாண்டுக்கும் மேல் பழையது. தலைமையில் இருந்தவர்கள் மீது யூதப் பெண்கள் எழுப்பிய கேள்விகளும் நிஜமானவை. இரை வைக்கிறவர் குளத்தை வெட்டுவதில்லை. இருக்கிற குளத்தில்தான் தூண்டில் போடுகிறார்.

நம் வாசலில்

இந்தியாவில் 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரிலும், 2022 புத்தாண்டு நாளில் 'புல்லி பாய்' என்ற பெயரிலும் இணையச் செயலிகள் வந்தன. பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள், காணாமல் போன மாணவர் ஒருவரின் தாய் என்று, பொதுவெளியில் பேசிய இசுலாமியப் பெண்களின் படங்களை எடுத்து 'ஏலத்துக்கு' என்று போட்டார்கள். முதலாவதில் 80க்கும் மேற்பட்ட பெண்கள், இரண்டாவதில் 100க்கும் மேற்பட்டவர்கள். உண்மையில் எந்த ஏலமும் நடக்கவில்லை. பேசும் பெண்ணைப் பண்டமாக்கி அவமானத்தால் வாயடைப்பதுதான் நோக்கம்.

இரண்டாவது செயலியைப் பரப்பிய கணக்குகள் சீக்கியப் பெயர்களைச் சூடியிருந்தன. கைதானவர்கள் சீக்கியர்கள் அல்லர்; பழி சீக்கியர்கள் மீது விழும்படி அப்பெயர்களைப் பயன்படுத்தினார்கள் என்று மும்பைக் காவல்துறை சொன்னது. வேளாண் சட்டங்களுக்கு எதிரான போராட்டம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. ஒரே தூண்டிலில் இரண்டு சமூகங்கள். கைதானவர்களில் ஓர் இளம்பெண்ணும் இருந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெண்ணுக்கு எதிரான வேடத்தைப் பெண்ணும் கட்டலாம்.

வேடத்தை ஒழிக்க எல்லோரும் அடையாள அட்டையோடு வர வேண்டும் என்று சிலர் தீர்வு சொல்கிறார்கள். அது நமக்குத்தான் முதலில் கேடு. கணவனுக்கும் அண்ணனுக்கும் தெரியாமல் எழுதும் பெண், சாதியை மறைத்தால்தான் வேலையில் நீடிக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர், திருநர்கள் என்று பலருக்குப் புனைபெயர் ஒரு கூரை. ஃபேஸ்புக் உண்மைப்பெயர் விதியைக் கறாராக்கியபோது கணக்கை இழந்தவர்கள் பாலினச் சிறுபான்மையினர்தான். 2014 அக்டோபரில் அந்நிறுவனம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. தன்னைக் காத்துக்கொள்ளப் பெயரை மறைப்பது வேறு, அடுத்தவளின் நம்பிக்கையை எடுத்துக்கொள்ள அவளைப் போல ஆவது வேறு.

இதைவிடப் பெரிய ஆபத்து சந்தேகம். போலிகள் உண்டு என்று தெரிந்தபின், பிடிக்காத குரலையெல்லாம் ஃபேக் ஐடி என்று ஒதுக்குவது எளிதாகிவிடுகிறது. ஒரு தலித் பெண் இயக்கத் தோழர்களின் சாதியத்தைச் சொன்னால், யார் பின்னாலிருந்து எழுதுகிறார்கள் என்ற கேள்வி உடனே எழுகிறது. ஓர் இசுலாமியப் பெண் பெண்ணியவாதிகளின் மௌனத்தைக் கேட்டால், பிளவுபடுத்தப் பார்க்கிறார்கள் என்ற பதில் வருகிறது. அப்படிச் சொல்லும்போது வேடக்காரர் பாதியில் விட்ட வேலையை நாமே முடித்துக்கொடுக்கிறோம். ஒடுக்கப்பட்ட பெண்களின் வேடத்தை அவர்கள் தேர்ந்தெடுப்பதே, அந்தப் பெண்களின் பேச்சைக் கேட்டுப் பழகாதவர்கள் நாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதால்தான். நிஜக் குரலை அறிந்த காதைப் போலிக் குரலால் ஏய்ப்பது கடினம்.

இந்தக் கதை நெடுகிலும் வேடத்தைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல. சக்கர நாற்காலியில் இருந்த பெண்கள் ஜோனைக் கண்டார்கள். கறுப்பினப் பெண்கள் தங்கள் மொழியின் கோணல் நகலைக் கண்டார்கள். அவர்களுக்கு அது வாழ்ந்த அறிவு. அதனால், நம்மைக் கொதிக்கவைக்கும் ஒரு பதிவு கண்ணில் படும்போது பகிர்வதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்தக் கணக்கை அதே ஊரில், அதே இயக்கத்தில், அதே சமூகத்தில் இருக்கும் பெண்கள் யாருக்காவது தெரியுமா? இவர் இதற்கு முன் எதைப் பேசினார்? இந்தக் கோபம் யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது? முக்கியமாக, இதைப் பற்றி ஏற்கெனவே யாராவது எச்சரித்திருக்கிறார்களா, அதை நாம் கேட்டோமா?

ஹட்சன் 2014 ஜூனில் சொன்னார். அமெரிக்கச் செய்தித்தாள்கள் அவரைத் தேடிப்போக ஐந்து ஆண்டுகள் ஆயின. நம் வகுப்பறைகளிலும் இயக்கங்களிலும் வாட்ஸப் குழுக்களிலும் இந்த நேரத்தில் யாரோ ஒருத்தி நெருங்கி வந்து, இங்கே ஏதோ இடிக்கிறது அக்கா என்று காதோடு சொல்லிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் அவள் அந்தக் குழுவில் சாதியாலோ மதத்தாலோ உடலாலோ கடைசி வரிசையில் இருப்பவளாக இருப்பாள். அவள் சொல்லி முடிக்கும்வரை நாம் கேட்க வேண்டும்.